விசில் அடிக்கத் தெரியுமா?



ஜனவரி 31, தெருப் பையன்களுக்காகப் பணி செய்த தொன் போஸ்கோ சாமியின் திருவிழா. அடுத்து மார்ச்சில் பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு. "சாமி, எம்பையன் நல்ல மார்க் எடுக்கணும், பூசையில வேண்டிக்குங்க" என்று தினமும் யாராவது வருகிறீர்கள். வேண்டிக்கொள்கிறேன். அவன் பொய் சொல்லாமல் இருக்கணும் என்று இதுவரை ஒருவர்கூட வேண்டச் சொல்லவில்லை.

1841 டிசம்பர் 8. இத்தாலியில் தூரின் நகரம், அசிசி பிரான்சிஸ் கோயில். குருப்பட்டம் வாங்கி ஆறு மாதமே ஆன போஸ்கோ சாமி பூசைக்கு உடுத்திக்கொண்டிருக்கிறார். சக்ரீஸ்தின் மூலையில் ஒரு பையன் நிற்கிறான். பெயர் பர்த்தலோமேயு கரெல்லி. கொத்து வேலைக்குப் போகிறவன், தாய் தகப்பன் கிடையாது. "பூசைக்கு உதவி செய்" என்கிறார் கோயில் பிள்ளை. தெரியாது என்கிறான். அப்புறம் இங்கே உனக்கென்ன வேலை என்று கம்பை எடுத்து நாலு போட, பையன் ஓட்டம் பிடிக்கிறான். சாமி சத்தம் போடுகிறார்: அவனை ஏன் அடிக்கிறீர், அவன் என் நண்பன், கூப்பிடும்! இத்தனைக்கும் அவன் பெயர்கூட அப்போது அவருக்குத் தெரியாது.

பூசை முடிந்ததும் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்கிறார். எழுதப் படிக்கத் தெரியுமா? தெரியாது. பாட? தெரியாது. விசில் அடிக்கத் தெரியுமா? பையன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் ஞானோபதேசம். அடுத்த ஞாயிறு தன் கூட்டாளிகளையும் அழைத்துக்கொண்டு வந்தான். தெருப் பையன்களுக்கான அவருடைய பணி அந்த மூலையில் பிறந்தது. அவருடைய சபையார் 1906இல் நம் தஞ்சாவூருக்கும் வந்து சேர்ந்தார்கள்.

அவர் பையனைத் திரும்பக் கூப்பிட்டார்; நான் செய்ததைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. முன்பு இருந்த பங்கில், நற்கருணை ஆசீரின்போது ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் தூபக் கலசத்தைத் தவற விட்டான். கரித்துண்டு உருண்டு புதுக் கம்பளத்தில் ஓட்டை விழுந்தது. சக்ரீஸ்தில் எல்லாப் பையன்கள் முன்னாலும் அவனைக் கிழித்துத் தொங்கவிட்டேன். தலையைக் குனிந்தபடி வெள்ளை அங்கியைக் கழற்றி, மடித்து, அலமாரியில் வைத்தான். அதன் பிறகு பீடத்துக்கு வரவேயில்லை. கம்பளத்தை மாற்றிவிட்டோம். நான் அவனைத் தேடிப் போகவில்லை.

மாதாவைப் பாருங்கள். பன்னிரண்டு வயது மகனை மூன்று நாள் தேடி அலைந்து, கோயிலில் போதகர்கள் நடுவே கண்டுபிடிக்கிறார். அலைந்த வயிற்றெரிச்சலை மறைக்கவில்லை. ஆனாலும் ஏன் இப்படிச் செய்தாய் என்று முதலில் கேட்கிறார். கேட்டுவிட்டு, பதில் சொல்ல விடுகிறார். கிடைத்த பதில் அவருக்குப் புரியவில்லை என்றும் லூக்கா எழுதுகிறார். நம் வீடுகளில் 'ஏன்' என்பது கேள்வியாக வருவதில்லை, முதுகில் விழும் அடியோடு சேர்ந்து வருகிறது. அப்படி ஒருமுறை அடி வாங்கியவன் அடுத்த முறை பொய்யைத் தயாராக வைத்திருப்பான். அதைக் கற்றுக்கொடுத்தது யார்?

இன்னொன்று. தொன் போஸ்கோவிடம் படித்த தோமினிக் சாவியோ புனிதனாக வேண்டும் என்று ஆசைப்பட்டு, படுக்கையில் கல்லையும் கட்டையையும் போட்டுப் படுத்தான். போஸ்கோ தடுத்தார். சந்தோஷமாக இரு, உன் பாடத்தைப் படி, உன் வேலையைச் செய், கூட இருப்பவர்களுக்கு உதவு என்றார். பதினைந்து வயதுகூட நிரம்பாமல் 1857இல் இறந்த அந்தப் பையனைத் திருச்சபை 1954இல் புனிதனாக அறிவித்தது.

உன் வேலையைச் செய் என்றார் அவர். நாமோ, ரெக்கார்டு நோட்டில் இதயத்தின் படத்தை அம்மா வரைந்து, நிழல் போட்டு, பாகம் குறித்து, மேலே மகன் பெயரை எழுதி அனுப்புகிறோம். அதற்கு முழு மதிப்பெண்ணும் வருகிறது. சிரிக்காதீர்கள், வரைந்தவர்கள் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

பிள்ளைகள் விளையாடும் இடத்தில் பெரியவர்களும் கூடவே இருக்க வேண்டும் என்பதில் போஸ்கோ பிடிவாதமாக இருந்தார். அதனால் இன்று மாலை ஐந்து மணிக்குக் கோயில் மைதானத்தில் வாலிபால் வலை கட்டச் சொல்லியிருக்கிறேன். தகப்பன்மார் ஆறு பேர் ஒரு பக்கம், பத்தாம் வகுப்புப் பையன்கள் ஆறு பேர் எதிர்ப் பக்கம். போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். விசில் என்னிடம் இருக்கிறது.