எதுக்குப் படிக்கணும் பிரெஞ்சு?

வட்டக்கானலுக்குப் போனவர்கள் கவனித்திருப்பார்கள். கொடைக்கானல் ஊரைத் தாண்டி மலை விளிம்பில் இருக்கும் அந்தச் சின்னக் கிராமத்தில், கடைப் பலகைகளில் ஆங்கிலத்துக்குப் பக்கத்தில் எபிரேய எழுத்தும் இருக்கும். ராணுவ சேவையை முடித்துவிட்டு ஊர் சுற்றக் கிளம்பும் இஸ்ரேலிய இளைஞர்கள் பல வருடங்களாக அங்கே வந்து தங்குகிறார்கள். ‘குட்டி இஸ்ரேல்’ என்று பட்டப்பெயரே வந்துவிட்டது. ஹம்மூஸும் ஷக்‌ஷூகாவும் பரோட்டா மாதிரி சாதாரணமாகக் கிடைக்கும். கடைகளில் வேலை பார்க்கும் பையன்களில் சிலர் எபிரேயம் பேசுவார்கள். பத்தாவதோடு நின்றவர்களும் அதில் உண்டு. அவர்களுக்கு யாரும் வகுப்பெடுக்கவில்லை.

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஜாக்கோட்டோ ஞாபகம் வரும். 1818-இல் லூவென் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்த வந்த பிரெஞ்சுக்காரர். மாணவர்கள் பலருக்குப் பிரெஞ்சு தெரியாது, இவருக்கு அவர்களுடைய பிளெமிஷ் தெரியாது. ‘டெலிமாக்’ என்ற நாவலின் இருமொழிப் பதிப்பு ஒன்றைக் கையில் கொடுத்து, நீங்களே படித்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார். படித்துக்கொண்டார்கள், பிரெஞ்சில் எழுதவும் செய்தார்கள். ஜாக் ரான்சியேர் 1987-இல் இந்தக் கதையை வைத்து ஒரு புத்தகமே எழுதினார். அறிவில் எல்லோரும் சமம் என்பதை முடிவில் அடைய வேண்டிய இலக்காக வைக்காதே, அதிலிருந்து தொடங்கு என்பது அவர் வாதம். பாரிஸில் அதைச் சொல்ல ஒரு தத்துவவாதி தேவைப்பட்டது. வட்டக்கானலில் டீ கிளாஸ் கழுவுகிற பையன் இரண்டு சீசனில் நிரூபித்துவிடுகிறான்.

ஆகவே, அரசுப் பள்ளிப் பிள்ளைகளால் இன்னொரு உலக மொழியைப் படிக்க முடியுமா என்ற கேள்வியை இங்கேயே மூடிவிடலாம். முடியும். கேள்வி வேறு.

அதே மலையில், ஏரிக்குப் பக்கத்தில், 1901-இல் அமெரிக்க மிஷனரிகள் தங்கள் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய ஒரு பள்ளி இருக்கிறது. இன்றைக்குக் கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல். இந்தியாவில் முதன்முதலாக ஐ.பி. பாடத்திட்டத்தை ஏற்ற பள்ளி அதுதான், 1976-இல். ஐ.பி. டிப்ளமா வாங்க இரண்டு மொழி கட்டாயம். அங்கே படிக்கும் பிள்ளையிடம் “இந்த மொழியை வச்சு என்ன பண்ணப் போற?” என்று யாரும் கேட்பதில்லை. படித்தவன் என்றால் இன்னொரு மொழியின் வழியாகவும் உலகத்தைப் பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான் அதன் நியாயம். நல்ல நியாயம்தான்.

பூம்பாறை, மன்னவனூர், கிளாவரை பக்கத்து அரசுப் பள்ளிக்குப் போய், ஒன்பதாம் வகுப்பில் விருப்பப்பட்டவர்களுக்குப் பிரெஞ்சு சொல்லித்தரலாமா என்று கேட்டுப் பாருங்கள். முதல் கேள்வி இப்படித்தான் வரும்: “எதுக்கு? பூண்டு விக்கவா?”

இந்த ‘எதுக்கு’ ஏழைப் பிள்ளையிடம் மட்டும் கேட்கப்படுகிறது. நல்ல மனசோடுதான் கேட்கிறார்கள், அதுதான் இதில் சிக்கல். ஜெர்மன் படித்தால் நர்ஸ் வேலைக்குப் போகலாம், ஜப்பானிய மொழி படித்தால் கம்பெனியில் எடுப்பார்கள் என்று பதிலும் அவர்களே சொல்கிறார்கள். அந்தப் பதில்களைக் கேவலமாகப் பேச எனக்கு உரிமை இல்லை. ஒரு நர்ஸ் வேலை ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கடனை அடைத்துவிடும். ஆனால் ஒரு பிள்ளைக்கு மொழியை எப்போதும் பயனோடு சேர்த்தே கொடுத்தால், அந்தப் பிள்ளை உரையாடலில் எந்தப் பக்கம் நிற்கப் போகிறது என்பதையும் சேர்த்தே முடிவு செய்துவிடுகிறோம். ஒருத்தர் கேட்பார், இன்னொருத்தர் கொண்டு வந்து வைப்பார்.

வட்டக்கானல் கடை ஒன்றில் ஒரு தம்பியிடம் கேட்டேன், எபிரேயம் எழுதப் படிக்கத் தெரியுமா என்று. “பேசுவேண்ணே. எழுத்தெல்லாம் தெரியாது. என்ன வேணும், எவ்வளவு, காரம் போடவா, ரூம் இருக்கு, ரூம் இல்ல… இது போதும்ல?” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு கொஞ்சம் யோசித்து, “கெட்ட வார்த்தையும் தெரியும், அதான் மொதல்ல சொல்லிக்குடுத்தாய்ங்க” என்றார்.

அவருடைய எபிரேயத்தைக் குறைவானது என்று சொல்ல நான் யார்? ஒரு விதத்தில் அது வகுப்பறை மொழியைவிட உயர்த்தி. அதில் மனிதர்கள் இருக்கிறார்கள், கேலி இருக்கிறது, போன வருடம் வந்தவன் இந்த வருடம் ஏன் வரவில்லை என்ற விசாரிப்பு இருக்கிறது. ஐ.பி. தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்த மாணவனுக்கு இது வாய்த்திருக்காது. ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. அவர் ஒரு வார்த்தையைத் தப்பாகச் சொன்னால் ஆர்டர் மாறிப்போகும், முதலாளி திட்டுவார். தப்பாகப் பேசுவதற்கு அங்கே விலை உண்டு. தனக்கு வேண்டியதைக் கேட்பதற்கான வாக்கியங்கள் அந்த மொழியில் அவரிடம் குறைவு. மற்றவருக்கு வேண்டியதைக் கேட்டுக்கொள்ளும் வாக்கியங்கள்தான் நிறைய.

பள்ளிக்கூடம் தரக்கூடியது இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். தப்பு செய்தால் யாருக்கும் நஷ்டமில்லாத ஓர் இடம். ஸ்கூல் என்ற சொல்லின் மூலமான கிரேக்கச் சொல்லுக்கு ஓய்வு என்று பொருள். நம்முடைய ‘பள்ளி’யும் சமணத் துறவிகள் தங்கிய, படுத்த இடம்தான். இந்த மலையின் அடிவாரத்தில், பழனிக்குப் பக்கத்து ஐவர்மலையில் சமணர்கள் செதுக்கிய உருவங்கள் இன்றும் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. இரண்டு மொழியிலும் கல்விக்கான சொல் ஓய்விலிருந்து வந்திருப்பது தற்செயலாக இருக்கலாம். எனக்கு அது பிடித்திருக்கிறது.

சரி, அரசுப் பள்ளியில் அந்த ஓய்வு இருக்கிறதா? இங்கேதான் எதிர்வாதம் பலமாக வருகிறது. “முதல்ல தமிழையும் இங்கிலீஷையும் ஒழுங்கா சொல்லிக்குடுங்கப்பா.” இதைச் சொல்பவர்களைப் பழமைவாதிகள் என்று ஒதுக்க முடியாது. 1968 ஜனவரி 23-இல் தமிழக சட்டமன்றம் இருமொழிக் கொள்கைத் தீர்மானத்தை நிறைவேற்றியபோது, அதன் பின்னால் 1938-இலும் 1965-இலும் தெருவில் இறங்கியவர்களின் நியாயம் இருந்தது. வேறு மாநிலப் பிள்ளைக்கு இல்லாத சுமை எங்கள் பிள்ளைக்கு மட்டும் ஏன் என்ற சமத்துவக் கேள்வி அது. மும்மொழித் திட்டத்தை ஏற்ற இந்தி மாநிலங்கள் பெரும்பாலும் தென்மொழி எதையும் சொல்லித்தரவில்லை, சம்ஸ்கிருதத்தை வைத்துக் கணக்கை முடித்தன. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கையும் மூன்றில் இரண்டு இந்திய மொழியாக இருக்க வேண்டும் என்கிறது. அப்படியானால் தமிழ்ப் பிள்ளைக்குப் பிரெஞ்சு நான்காவது. அதே கொள்கை உயர்நிலை வகுப்புகளில் கொரியன், ஜப்பானிய மொழி, தாய், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், போர்ச்சுகீஸ், ரஷ்யன் என்று பட்டியல் போடுகிறது. 2019 வரைவில் இருந்த சீன மொழி மட்டும் காணாமல் போயிருந்தது. எல்லையில் சண்டை நடந்த வருடம். பக்கத்து நாட்டோடு பிரச்சினை என்றால் அந்த நாட்டு மொழியைத்தானே கூடுதலாகப் படிக்க வேண்டும்? எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அரசு நினைத்தால் ஒரு மொழியை எப்படி நிறுத்தும் என்பதும் தெரிந்ததுதான். கேந்திரிய வித்யாலயாக்களில் 2011-இல் ஓர் ஒப்பந்தத்தின் மூலம் ஜெர்மன் மூன்றாவது மொழியாக வந்தது. 2014 நவம்பரில், கல்வியாண்டின் நடுவில், இனி சம்ஸ்கிருதம் என்று மாற்றினார்கள். சம்ஸ்கிருதமா ஜெர்மனா என்று நாடு முழுக்க விவாதம் நடந்தது. பாதி வருடம் ஒரு மொழியோடு பழகிவிட்ட ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அது என்ன இழப்பு என்று பேசியவர்கள் குறைவு.

இன்னொரு பக்கம், நம் ஊர் தனியார் பள்ளிகளின் ப்ளஸ் டூ பிரெஞ்சைப் பாருங்கள். பதினொன்றாம் வகுப்பில் ஆனா ஆவன்னாவிலிருந்து தொடங்கி, தமிழைவிடச் சுலபமாக மதிப்பெண் வரும் என்பதற்காக எடுக்கப்படும் மொழி. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வாங்கிய நண்பர்கள் எனக்கு உண்டு. பாரிஸ் ஏர்போர்ட்டில் அவர்களால் தண்ணீர் கேட்க முடியாது. இங்கே வசதியான பிள்ளையும் பயன் என்ற கொக்கியில் மாட்டிக்கொண்டது. மதிப்பெண்தான் அந்தப் பயன், மொழி அதன் கவர்.

அரசுப் பள்ளி ஆங்கிலமும் இப்படித்தான். கிளாவரைப் பிள்ளைக்கு ஆங்கிலமே ஓர் அந்நிய மொழிதான், அதைப் பத்து வருடம் சொல்லித்தருகிறோம். கட்டுரையை மனப்பாடம் செய்து எழுதவும் வைக்கிறோம். பத்து வருடத்து ஆங்கிலம் வாயில் வரவில்லை, இரண்டு சீசன் எபிரேயம் வந்துவிட்டது. மலையின் பளியர் குழந்தைக்குக் கதை இன்னும் முன்னாலேயே தொடங்குகிறது. வீட்டில் பேசுவது தமிழுக்கு நெருங்கிய பேச்சு, ஆனால் பாடப்புத்தகத் தமிழ் இல்லை. முதல் நாளே அது ‘தப்புத் தமிழ்’ என்று திருத்தப்படுகிறது. அந்தக் குழந்தையைப் பொறுத்தவரை ‘தாய்மொழிப் பாடம்’ என்பதே இன்னொருவருடைய மொழி. தன் பேச்சு ஒரு மொழிதான் என்று யாரும் சொல்லிக் கேட்காத பிள்ளையிடம் உலக மொழியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், அதன் வீட்டு வார்த்தைகள் நாலைக் கரும்பலகையில் எழுத வேண்டும்.

அப்படியானால் காத்திருக்கச் சொல்கிறேனா? இல்லை. ‘முதல்ல இது, பிறகு அது’ என்று சொல்லப்பட்ட பிள்ளைகளுக்கு அந்தப் பிறகு வந்ததே இல்லை. நான் கேட்பது தேர்வில்லாத, மதிப்பெண்ணில்லாத, வேண்டுமென்றால் உட்கார்ந்து வேண்டாமென்றால் எழுந்து போகக்கூடிய ஒரு பீரியடு. இன்னொரு பாடத்தைச் சேர்க்கச் சொல்லவில்லை. மதிப்பெண் இல்லாமல் யார் வருவார்கள் என்று கேட்கலாம். நாலு பேர் வந்தால் நாலு பேர்.

யார் சொல்லித்தருவது? காந்தி 1910-இல் தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையைத் தொடங்கிய பிறகு அங்கே தமிழ் மாணவர்களுக்குத் தமிழ் கற்பித்தார். கப்பலிலும் சிறையிலும் கற்ற அரைகுறைத் தமிழ், கையில் போப் எழுதிய கைநூல். மாணவர்களுக்குத் தன்னைவிட நன்றாகத் தமிழ் பேச வரும் என்பதை அவரே எழுதியிருக்கிறார். வகுப்பு நடந்தது.

ஜாக்கோட்டோவின் இருமொழிப் புத்தகம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிப் பிள்ளைகள் வருடாவருடம் மனப்பாடம் செய்யும் நூல் குறள். வீரமாமுனிவர் அதன் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் பெயர்த்தார். காமத்துப்பாலை விட்டுவிட்டார், பாதிரியார் அல்லவா. கார்ல் கிரௌல் 1856-இல் ஜெர்மனில் வெளியிட்டார், போப் 1886-இல் ஆங்கிலத்தில். பிரெஞ்சிலும் உண்டு. செண்பகனூரில் 1895-இல் தொடங்கிய இயேசு சபைக் கல்லூரியில் நம் ஊர்ப் பையன்கள் பல தலைமுறையாக லத்தீன் படித்திருக்கிறார்கள், ஆகவே இந்த மலைக்கு இதெல்லாம் புதிதில்லை. இடது பக்கம் தமிழ், வலது பக்கம் ஜெர்மனோ பிரெஞ்சோ. இடது பக்கம் ஏற்கெனவே மனப்பாடம். எந்த வார்த்தை எந்த வார்த்தைக்குச் சமம், ஏன் இங்கே ஒரு சொல் கூடியிருக்கிறது, இவன் ‘அறம்’ என்பதற்கு என்ன போட்டிருக்கிறான், அது சரியா என்று பிள்ளைகள் சண்டை போடலாம். அதில் நம் பிள்ளைகள்தான் நீதிபதிகள், மொழிபெயர்த்த ஐரோப்பியர் கூண்டில். ஆசிரியருக்கும் விடை தெரியாது, அதனால் அவரும் பெஞ்சில் உட்கார்ந்துகொள்ளலாம். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடு போதும். மலையில் அந்த நேரம் மூடுபனி இறங்கிவிடும், எப்படியும் விளையாட்டு கிடையாது.