அந்தத் தட்டைத் தள்ளிவையுங்கள்

பண்ணை வீட்டு விருந்துக்கு அழைத்தவர் "இன்னைக்கு ஸ்பெஷல் கறி" என்று கண்ணடித்தால், என்ன கறி என்று வாய்விட்டுக் கேளுங்கள். மான் என்றால் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்துவிடுங்கள். புனேயில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு இதை இப்போதே சொல்லியாக வேண்டும்.

புனே மாவட்டத்துப் பாராமதி வட்டத்தில், மோர்காவ் கணபதியின் பெயர் தாங்கிய மயூரேஷ்வர் சரணாலயம் இருக்கிறது. 1997இல் சிங்காரா மான்களுக்காக அறிவிக்கப்பட்டது. ஐந்து சதுர கிலோமீட்டர் சொச்சம்தான் பரப்பு. எல்லைக்கல் எங்கே இருக்கிறதென்று மானுக்குத் தெரியுமா? பச்சை தேடி வயல் பக்கம் வரும். மோட்டார் சைக்கிள் கிளட்ச் வயரை வட்டமாக முறுக்கி, முள்வேலி இடுக்கில் அதன் கழுத்து உயரத்துக்குக் கட்டிவைத்தால் போதும். பகலிலேயே அது கண்ணில் படாது. மான் திமிறத் திமிற இறுகும். உயிர் போக வெகுநேரம் ஆகும்.

பரம்பரை வழக்கம் என்று சொல்லாதீர்கள். மதுரை, சிவகங்கைப் பக்கம் சிவராத்திரியை ஒட்டிப் பாரி வேட்டைக்குப் போன ஊர்களில், சாமி கும்பிட்டுத்தான் கிளம்புவார்கள். கிடைத்ததை வீட்டுக்கு ஒரு பங்காகப் பிரிப்பார்கள். அந்தக் கும்பிடும் பங்கும் தொடரட்டும், வேட்டை மட்டும் வேண்டாம். ஜீப் வெளிச்சத்தில் கண் கூசி நின்ற உயிரைச் சுட்டு, கொம்பைப் பிடித்துப் படம் எடுப்பதில் எந்தச் சாமி இருக்கிறது?

மாட்டிக்கொண்டால் பழியை அங்குள்ள பார்தி பழங்குடிகள் மேல் போடுகிற ஈனத்தனம் அதைவிடக் கொடியது. சுருக்கு வைத்து மான் பிடித்துப் பிழைத்தவர்கள்தான் அவர்கள். குற்றப் பரம்பரைச் சட்டம் அவர்களையும் முத்திரை குத்தியது. 1952இல் சட்டம் போனது. எது காணாமல் போனாலும் அவர்கள் குடிசையைத் தட்டும் பழக்கம் போகவில்லை. 1920இல் பெருங்காமநல்லூரில் அதே சட்டத்தை எதிர்த்துக் குண்டடிபட்டுச் செத்தவர்களின் மண்ணிலிருந்து வந்த நாம், அந்தப் பழிக்கு ஒருநாளும் துணைபோகக் கூடாது.

1972ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டத்தில் சிங்காராவும் வெளிமானும் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கொன்றால் குறைந்தது மூன்று ஆண்டு சிறை. கறியை வைத்திருப்பதும் குற்றம்.

சுருக்குக் கம்பியைக் கண்டால் நீங்களே அறுத்தெறியாதீர்கள், அது சாட்சி. இடத்தைப் படம் பிடித்து, மகாராஷ்டிர வனத்துறையின் 1926 எண்ணுக்கு உடனே பேசுங்கள். உயிரோடு மான் சிக்கியிருந்தால் நாய் நெருங்காமல் காவல் நில்லுங்கள், கூட்டம் சேர்க்காதீர்கள். மிரட்சியிலேயே அது செத்துவிடும்.