கூட்டுப் படைப்பும் பெயருரிமையும்

பலர் கூடி ஆக்கிய ஒரு படைப்பு யாருக்கு உரியது? எண்ணத்தை முதலில் தந்தவருக்கா, அதனைத் தம் கைகளால் உருவாக்கியவருக்கா, இடமும் கருவியும் ஊதியமும் அளித்த நிறுவனத்துக்கா? இவ்வினா சட்டத்துக்கு உரியது போலத் தோன்றினும், அதன் வேர் அறத்தில் இருக்கின்றது. இதனை ஆராய்வதற்கு, இங்கிலாந்தின் மின்னணு இசைக் கலைஞர் டெலியா டெர்பிஷயரின் வாழ்க்கை நல்லதோர் உரைகல்லாகும்.

1937ஆம் ஆண்டு கவன்ட்ரி நகரில் பிறந்த அவர், கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் பயின்றவர். 1959இல் டெக்கா இசைத்தட்டு நிறுவனத்தில் வேலை வேண்டியபோது, ஒலிப்பதிவுக் கூடங்களில் பெண்களை அமர்த்துவதில்லை என்று கூறி மறுத்துவிட்டனர். 1960இல் பி.பி.சி. வானொலியில் சேர்ந்து, 1962இல் அதன் ரேடியோபோனிக் வொர்க்‌ஷாப் என்னும் ஒலிப் பட்டறைக்குச் சென்றார். வானொலி, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்குப் புதுமையான ஒலிகளை ஆக்கித் தருவதே 1958இல் தொடங்கப்பெற்ற அப்பட்டறையின் பணி.

1963இல் 'டாக்டர் ஹூ' என்னும் தொலைக்காட்சித் தொடரின் முகப்பிசை அவர் கைக்கு வந்தது. இசையமைப்பாளர் ரான் கிரெய்னர் மெட்டினை எழுதித் தந்தார். டெர்பிஷயரும் அவருக்குத் துணைநின்ற டிக் மில்ஸும் அதற்கு ஒலிவடிவம் அளித்தனர். மின் அலைகளை எழுப்பும் சோதனைக் கருவிகளின் ஓசையையும், மீட்டிய ஒற்றைத் தந்தியின் ஓசையையும் ஒலிநாடாவில் பதிந்து, ஓட்டத்தின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் சுரங்களைப் பெற்றனர். ஒவ்வொரு சுரத்துக்கும் உரிய நாடாவை அளந்து வெட்டி ஒட்டிப் பின்னர் அவற்றை ஒருங்கே ஓடவிட்டு இணைத்தனர். முடிந்ததைக் கேட்ட கிரெய்னர், இது தாம் எழுதியதுதானா என்று வியந்து வினவினார் என்பர். அவரே முன்வந்து, உடன் படைத்தவர் என்னும் தகுதியை டெர்பிஷயருக்குப் பெற்றுத்தர முயன்றார். பட்டறையினரைப் பெயரின்றி வைத்திருந்த அந்நாளைய நிறுவன வழக்கம் அதற்கு இடந்தரவில்லை.

நிறுவனத்தின் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு என்பதை நாம் மறுத்தல் ஆகாது. கருவிகள் பொதுவானவை, ஊதியம் திங்கள்தோறும் வழங்கப்பட்டது, ஒருவர் கண்ட உத்தியை மற்றொருவர் வளர்த்தனர். இந்நிலையில் ஒருவர் பெயரை உயர்த்தினால் ஏனையோர் உழைப்பு மறைந்துவிடாதா? பட்டறையின் பொதுப்பெயரே நேர்மையானது என்று ஒருவர் வாதிடக்கூடும்.

ஆயின், இவ்வாதத்தில் ஒரு குறை இருக்கின்றது. பொதுப்பெயரின் கீழ் அனைவரும் சமமாக மறைந்திருந்தால் அதனை ஏற்கலாம். இங்கோ எழுதியவர் பெயர் நின்றது. ஆக்கியவர் பெயரே மறைந்தது. மேலும், ஊதியம் உழைப்புக்கு விலையாகுமேயன்றி, 'இதனைச் செய்தவர் இவர்' என்னும் உண்மைக்கு விலையாகாது. பெயர் கூறுதல் புகழ் வழங்குதல் அன்று. நடந்ததை நடந்தவாறு உரைத்தல். அதனைத் தவிர்ப்பது சிறியதோர் பொய்க்கு உடன்படுவதாகும்.

தம் பெயரை விரும்பியே துறப்பவர் உண்டு, அது துறவு. பிறர் பெயரை நாம் துறந்துவிடுவதைத் துறவு என்று கொள்ள இயலாது. குறுந்தொகைப் பாடல் ஒன்றைப் பாடிய புலவரின் இயற்பெயர் தெரியாத நிலையில், அவருடைய தொடர் ஒன்றையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என வழங்கினர் நம் முன்னோர். பெயர் அறியாதவிடத்தும் ஒரு பெயரைப் படைத்து நன்றி செலுத்திய மரபு அது.

டெர்பிஷயரின் கதையிலும் இவ்வினா முடிந்துவிடவில்லை. 1964இல் பேரி பெர்மாஞ்சுடன் இணைந்து அவர் உருவாக்கிய வானொலிப் படைப்பொன்றில், எளிய மனிதர் பலர் தாம் கண்ட கனவுகளைக் கூறுகின்றனர். அக்குரல்களே அதன் உயிர். எனினும் அக்குரலுக்கு உரியோர் யாவர் என்பதைக் கேட்போர் அறியார். பெயர் மறுக்கப்பட்டவரின் படைப்பும் பெயரறியாப் பலர்மீது நிற்கின்றது. எல்லார் பெயரையும் கூறுதல் இயலாமற் போகலாம். ஆயினும் இயன்றவிடத்துக் கூறாமைக்கு அது சாக்காகாது.

கூடிச் செய்வதில் அவருக்கு என்றுமே வெறுப்பு இருந்ததில்லை. 1966இல் பீட்டர் சினோவியெஃப், பிரையன் ஹாட்சன் ஆகியோருடன் யூனிட் டெல்டா பிளஸ் என்னும் அமைப்பைத் தொடங்கினார். 1969இல் வெளிவந்த 'ஆன் எலக்ட்ரிக் ஸ்டார்ம்' இசைத்தட்டு, டேவிட் வோர்ஹாஸ், ஹாட்சன் இருவருடன் அவர் சேர்ந்து ஆக்கியது. 1973இல் பி.பி.சி.யை விட்டு விலகினார், 2001இல் மறைந்தார். அவர் வீட்டுப் பரணில் 267 ஒலிநாடாக்கள் கிடைத்தன. அத்தொடரின் ஐம்பதாம் ஆண்டுச் சிறப்புப் படத்தில், 2013இல்தான், அவர் பெயர் முதன்முதலாகத் திரையில் தோன்றியது. அவர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன.

இறந்தவருக்கு அதனால் என்ன பயன் என்று கேட்கலாம். அவருக்குப் பயனில்லாமலிருக்கலாம், அப்பொய்யுடன் வாழ்ந்த நமக்குப் பயனுண்டு. நம் விழாக்களின் இறுதியில் நன்றியுரை தொடங்கியதும் நம்மிற் பலர் எழுந்து செருப்பைத் தேடுகின்றோம். பந்தலிட்டவர், சமைத்தவர், ஒலிபெருக்கியைக் கவனித்தவர் ஆகியோர் பெயர் கூறப்படுவது அப்பொழுதுதான். அச்சில நிமிடங்கள் அமர்ந்து கேட்பதும் ஓர் அறமே.