பத்து நாட்களின் நிறை

கணையப் புற்றுநோய் முற்றிவிட்ட ஒருவருக்கு வைத்தியர் புதிய மாத்திரை ஒன்றை எழுதித் தருகிறார். ஹயாத்தை நீட்டித் தருவது சோதனையில் தெரிந்திருக்கிறது என்கிறார். அவர் சொன்னது பொய்யல்ல. ஆனால் அவர் சொன்னதும் வீட்டார் விளங்கிக்கொண்டதும் ஒன்றுதானா?

எர்லோட்டினிப் என்ற மாத்திரையைப் பார்ப்போம். கனடா நாட்டு ஆய்வுக் குழு நடத்திய சோதனையில் 569 நோயாளிகள் இரு பிரிவாக்கப்பட்டனர். எல்லோருக்கும் ஜெம்சிட்டபின் என்னும் ஊசி மருந்து உண்டு. ஒரு பிரிவுக்கு அதனுடன் இம்மாத்திரை. மறு பிரிவுக்கு அதைப் போலவே தோன்றும் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது. மனம் விரும்புவதையே கண் காணும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. 2007-ல் முடிவு அச்சில் வந்தது. வெறும் மாத்திரை உண்டவரில் பாதிப்பேர் 5.91 மாதங்களுக்குள் மவுத்தாயினர். புதிய மாத்திரை உண்டவரில் பாதிப்பேர் 6.24 மாதங்களுக்குள். வித்தியாசம் ஏறக்குறைய பத்து நாள். அமெரிக்க அரசு 2005-லேயே இதற்கு அனுமதி தந்திருந்தது.

இதே முடிவை வேறு விதமாகவும் சொல்லலாம். மரண அபாயம் 18 சதவீதம் குறைந்தது எனலாம். ஓராண்டுக்குப் பின் உயிரோடிருந்தோர் நூற்றுக்கு 17 பேர் என்பது 23 ஆயிற்று எனலாம். மூன்றும் ஒரே சோதனையின் கணக்கு, மூன்றும் மெய். மருந்தை விற்பவருக்கு 18 இனிக்கும், எதிர்ப்பவருக்குப் பத்து நாள் போதும். நிறுவையில் மோசம் செய்வது ஹராம் என்பதை நாம் அரிசிக் கடைக்காரருக்கு மட்டும் உரியதாக்கிவிட்டோம். மெய்யான எண்ணையே பொறுக்கியெடுத்து நிறுத்தாலும் தராசு சாயத்தான் செய்யும்.

பத்து நாள் அற்பமென்று சொல்ல நமக்கு உரிமையில்லை. பிரிந்த சகோதரனிடம் மன்னிப்புக் கேட்க ஒரு நாளே போதும். ஆயினும் அந்தப் பத்து நாள் ஒவ்வொருவருக்கும் வாக்களிக்கப்பட்டதல்லவே. மாத்திரை உண்டோருக்குத் தோலில் தடிப்பும் வயிற்றுப்போக்கும் மிகுந்தன என்பதையும் மறு தட்டில் வைக்க வேண்டும்.

எல்லா மருந்தும் இப்படியல்ல. 2011-ல் பிரான்ஸ் நாட்டார் வெளியிட்ட ஃபோல்ஃபிரினாக்ஸ் என்ற கூட்டு மருந்தின் சோதனையில் 6.8 மாதம் 11.1 ஆயிற்று. அதைத் தாங்க உடம்பில் வலு வேண்டும், உபாதைகளும் கடுமை.

எத்தனை பேரில் எத்தனை பேருக்கு, எவ்வளவு காலம், என்ன உபாதை என்று கேட்டால் வைத்தியர் முகம் சுளிக்கலாம். பரவாயில்லை, கேட்போம். நோயாளியை வெளியே உட்காரவைத்துவிட்டுக் கேட்பதுதான் நம் வழக்கம். கடனைத் தீர்ப்பதும் வஸிய்யத்து எழுதுவதும் அவருடைய வேலையல்லவா? பதிலும் முதலில் அவர் காதில்தான் விழ வேண்டும்.