உயிரணு கற்பிப்பதும் கற்பிக்காததும்

வண்டியூர்க் கண்மாயிலிருந்து ஒரு துளி நீரை எடுத்து நுண்ணோக்கியின் அடியில் வைத்துப் பார்ப்போமாயின், ஒரே உயிரணுவையே முழு உடலாகக் கொண்ட சிற்றுயிர்கள் அதில் நீந்தக் காணலாம். நம் உடலோ ஏறத்தாழ 30 லட்சம் கோடி உயிரணுக்கள் கூடி அமைந்தது. கண்ணுக்குப் புலப்படாத அச்சிறு வீட்டிற்குள் எத்தனை எத்தனை பணிகள்!

உயிரணுவைச் சூழ்ந்துள்ள மெல்லிய சவ்வு, வேண்டியதை உள்ளே விட்டு வேண்டாததைத் தடுக்கிறது. உட்கரு, வழிவழியாக வந்த மரபுச் செய்தியைக் காக்கிறது. மைட்டோகாண்டிரியா, உணவிலுள்ள ஆற்றலை உயிரணுவுக்குப் பயன்படும் வடிவில் மாற்றித் தருகிறது. ரைபோசோம், உட்கருவிலிருந்து வரும் செய்தியைப் படித்துப் புரதங்களைக் கட்டுகிறது. இந்த ரைபோசோமின் அமைப்பை ஆராய்ந்து தெளிந்தமைக்காகவே, 1952இல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், 2009ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசைத் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோருடன் பகிர்ந்துகொண்டார்.

இவற்றுள் உயர்ந்தது எது, தாழ்ந்தது எது? செய்தியைக் காப்பதனால் உட்கரு அரசனாகிவிடுவதில்லை. ரைபோசோம் கட்டித் தராவிடில் அச்செய்தி படிப்பாரற்ற ஏடுதான். நம் குருதியின் சிவப்பணுவோ, தன் உட்கருவையே இழந்த பின்னும், ஏறத்தாழ 120 நாள்கள் உயிர்வளியைச் சுமந்து உழைக்கிறது. ஒத்துழைப்புக்கு இதைவிட நல்ல பாடம் வேறு வேண்டுமோ?

ஆயினும் இவ்விடத்தில் நாம் சற்றே நின்று சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம். உயிரணுவிற்குள் லைசோசோம் என்றொரு பகுதியும் உண்டு. தேய்ந்துபோன பகுதிகள் அதனிடம் சேர்ந்ததும் சிதைக்கப்பட்டு, மூலப்பொருளாகத் திரும்புகின்றன. இது நிகழும் முறையை விளக்கிய ஜப்பானிய அறிஞர் யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசு கிடைத்தது. பயன் உள்ளவரை இடம். பயன் தீர்ந்தால் சிதைவு. உயிரணுவின் நியதி இதுவே.

இந்நியதியை மனித சமுதாயத்திற்கும் பொருத்தலாமா? உடலில் தலையும் காலும் வேறுவேறாய் இருப்பதுபோல் மனிதருக்கும் பிறப்பிலேயே தொழில் வகுக்கப்பட்டுள்ளது என்று சொல்லியே, நம் நாட்டில் ஒரு சாராரைப் பன்னெடுங்காலம் தாழ்த்தி வைத்தனர். படுக்கையில் கிடக்கும் முதியவரைப் பார்த்து, “இனி இவரால் என்ன பயன்?” என எண்ணும் இல்லங்களும் இல்லாமல் இல்லை.

ரைபோசோம் தன் பணியைத் தேர்ந்துகொள்ளவில்லை. அப்பணியை மறுக்கவும் அதற்கு வழியில்லை. மனிதரோ தொழிலுக்கு முன்னும் மனிதர். தொழில் ஓய்ந்த பின்னும் மனிதர். புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் உடலை உவமையாகக் காட்டும்போது, வலுவற்றவையாகத் தோன்றும் உறுப்புகளே மிகவும் தேவையானவை என்கிறார். எவரையும் அவரவர் இடத்தில் அடக்கி வைப்பதற்கு அவர் அவ்வுவமையைக் கையாளவில்லை.

எனவே, கூடி உழைக்கும் பண்பை உயிரணுவிடம் கற்போம். மனித மதிப்பை அளக்கும் கோலை மட்டும் அதனிடம் இரவல் வாங்காதிருப்போம். நம் இல்லத்துத் திண்ணையில் உழைத்து ஓய்ந்து அமர்ந்திருக்கும் முதியவர் இன்று என்ன செய்கிறார் என்பது கேள்வியன்று. அவருக்கு நாம் என்ன செய்கிறோம் என்பதே கேள்வி.