காற்றடிக்கிற பக்கம்

‘காத்தடிக்கிற பக்கம் சாயுறவன்’ என்று ஒருவரைச் சொன்னால் அது வசை. கொள்கை கிடையாது, ஆள் பார்த்துப் பேசுவான், பச்சோந்தி. இதற்கு எதிர்ப்பக்கம் நாம் நிறுத்தி வைத்திருப்பது ஒடிந்தாலும் வளையாத மனிதனை. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒருவன் நேர்மையாக வளைந்து வாழ முடியுமா? முடியும் என்றால் அவனைப் பச்சோந்தியிடமிருந்து எப்படிப் பிரித்தறிவது? இதை யோசிக்க எனக்கு உதவியது ஒரு சின்னப் படகின் பாய்.

மிர்ரர் என்பது 3.3 மீட்டர் நீளமுள்ள ப்ளைவுட் படகு. 1962-இல் ஜாக் ஹோல்ட்டும், பிரிட்டிஷ் டிவியில் வீட்டு வேலைகள் சொல்லிக்கொடுத்த பாரி பக்னெலும் சேர்ந்து வடிவமைத்தது. டெய்லி மிர்ரர் நாளிதழ் ஆதரித்ததால் அந்தப் பெயர். பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, ஒட்டி, வீட்டிலேயே கட்டிக்கொள்ளலாம். அதில் இருப்பது கன்ட்டர் வகைப் பாய். பாய்மரம் குட்டையாக இருக்கும். அதன்மேல் ஒரு கழி, நம் கடற்கரை மொழியில் பருமல், ஏறக்குறைய செங்குத்தாக ஏறி மரத்தை நீட்டித் தரும். கழற்றினால் எல்லாக் கழிகளும் படகுக்குள்ளேயே அடங்கிவிடும்.

வேலைக்காகத் தெற்கு இங்கிலாந்தில் இருந்த இரண்டு கோடைகளில் அப்படி ஒரு பழைய மிர்ரரில் பழகினேன். மென்பொருள்காரன் புத்தி, முதலில் கேட்டதே ‘பாயை எவ்வளவு இழுக்கணும்?’ என்றுதான். சொல்லிக்கொடுத்த பெரியவர் அளவு எதுவும் தரவில்லை, ஒரு வழி தந்தார். பாயின் முன்னோரம் படபடக்கும்வரை கயிற்றை விடு. படபடப்பு நிற்கிற அளவுக்கு மட்டும் இழு. காற்று மாறினால் மறுபடி செய். விறைப்பாக இழுத்த பாய் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் படகு பக்கவாட்டில் சாயும், வேகம் குறையும். நல்ல செயலுக்கு முன்கூட்டிய சூத்திரம் கிடையாது, மருத்துவத்தையும் மாலுமிக் கலையையும் போல அந்தந்த நேரத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்று அரிஸ்டாட்டிலும் சொல்கிறார்.

சிக்கல் இங்கேதான். ‘சூழ்நிலையைப் பொறுத்தது’ என்பது பச்சோந்திக்கும் பிடித்த வாக்கியம். ஆபீஸில் யாராவது ‘கொஞ்சம் ப்ராக்டிகலா இருங்க’ என்றால், பெரும்பாலும் ஏதோ ஒரு உண்மையை அமுக்கச் சொல்கிறார்கள் என்று அர்த்தம்.

படகு இதற்கு இரண்டு பதில் வைத்திருக்கிறது.

ஒன்று, அதில் எல்லாமே தளர்வாக இல்லை. பருமலை மரத்தோடு ஒட்டி நிற்கும்படி ஏற்றி, அந்தக் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட வேண்டும். அது கொஞ்சம் இறங்கினாலும் பருமல் மரத்தைவிட்டு விலகிச் சாயும், பாயில் குறுக்குச் சுருக்கம் விழும். அதற்குப் பிறகு மற்ற கயிறுகளை என்ன செய்தாலும் படகு எதிர்க்காற்றில் ஏறாது. பாயை உள்ளிழுக்கிற மெயின்ஷீட்டை மட்டும் கட்டுவதில்லை, கையிலேயே பிடித்திருக்க வேண்டும். திடீர்க் காற்றில் அதை விடாவிட்டால் படகு கவிழும். ஒரு கயிறு கட்டியே இருப்பதால்தான் இன்னொன்றைத் தைரியமாக விட முடிகிறது.

இரண்டு, போகும் திசை. காற்றோடு போக ஒரு பெட்ஷீட்டை விரித்துப் பிடித்தாலே போதும். இவ்வளவு நுணுக்கமாகப் பாயைத் திருத்துவது எதிர்க்காற்றில் முன்னேறுவதற்காக. காற்றுக்கு நேர் எதிரே எந்தப் பாய்ப்படகும் போகாது. ஏறத்தாழ 45 பாகை விலகி, இடமும் வலமுமாக மாறி மாறித்தான் ஏற வேண்டும். பச்சோந்தியும் வளைகிறான், ஆனால் கடைசியில் காற்று போன இடத்துக்கே போய்ச் சேருகிறான்.

இதற்கு ஒரு விலை உண்டு. கரையில் நிற்பவருக்கு அந்தப் படகு எந்த நேரத்திலும் தப்பான திசையில் போவதாகத்தான் தெரியும். ஒரே ஒரு திருப்பத்தை வைத்து ஒருவரைச் சந்தர்ப்பவாதி என்று முடிவுகட்ட எனக்கு இப்போது தயக்கமாக இருக்கிறது. அவரிடமே கேட்டும் பயனில்லை. பச்சோந்தியும் ‘நான் எதிர்க்காற்றில் போய்க்கிட்டிருக்கேன்’ என்றுதான் சொல்வான். நாலைந்து திருப்பங்கள் பார்க்க வேண்டும். மற்றவர்கள் விஷயத்தில் அந்தப் பொறுமை நியாயம். நம் விஷயத்தில் அவ்வளவு காத்திருக்க வேண்டாம். எந்தக் கயிற்றைக் கட்டி வைத்திருக்கிறோம் என்று கேட்டால் போதும். உடனே பதில் வரவில்லை என்றால், எதையுமே கட்டவில்லை.