மகன் பிழையும் குடும்பத்தின் துன்பமும்

செய்த வினை செய்தானையே சாரும் என்பதும், அதனைச் சேர்த்து நுகர்விப்பவன் இறைவன் என்பதும் சித்தாந்த நூல்களின் துணிபு. அங்ஙனமாயின், இளைஞன் ஒருவன் வண்டியோட்டிச் செய்யும் பிழைக்கு அவன் தந்தையும் தாயும் உடன்பிறந்தாரும் துன்புறுதல் யாங்ஙனம் பொருந்தும் என்னும் ஐயம் ஈண்டு ஆராயற்பாலது.

இந்திய நாட்டு 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 2019இல் திருத்தப்பெற்றபொழுது, 199-அ என்னும் பிரிவு புதிதாகச் சேர்ந்தது. 18 ஆண்டு நிரம்பாதவன் உரிமமின்றி வண்டியோட்டிக் குற்றம் புரியின், அவனைக் காப்போர் அல்லது வண்டிக்குரியோர் 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் தண்டமும் அடைவர். வண்டியின் பதிவு 12 திங்கள் நீக்கப்படும். சிறுவன் 25 ஆண்டு நிரம்புமளவும் உரிமம் பெறான். அவர் இசைவுடனேயே அது நிகழ்ந்ததென நீதிமன்றம் முதற்கண் கொள்ளும். தம் அறிவின்றி நிகழ்ந்ததென்றேனும், தடுத்தற்குரிய முயற்சியெல்லாம் செய்தோமென்றேனும் மெய்ப்பிப்பாரைத் தண்டியாது.

இவ்விலக்கினை உற்று நோக்குக. மகன் வினை தந்தையைப் பற்றுவதன்று. தந்தையின் இசைவே தனியொரு வினையாதலின் அதுவே தண்டிக்கப்படுகின்றது. வினை மனம், வாக்கு, காயம் என்னும் மூன்றானும் ஈட்டப்படும். திறவுகோலைக் கையிற் கொடுத்தல் காயத்தான் ஆயது. பிள்ளையின் விரைவைப் பிறரிடம் புகழ்தல் வாக்கான் ஆயது. எடுத்துச் செல்லக் கண்டும் உள்ளே உவந்து வாளா இருத்தல் மனத்தான் ஆயது.

தாயும் தங்கையும் என் செய்தனர் எனின், அதுவே அரிய வினா. உரிமமில்லாதானை உரியவன் அறிந்தே ஓட்டவிட்டு உயிர்க்கேடு நேரின், காப்பீட்டு நிறுவனம் தான் கொடுத்த இழப்பீட்டை அவன்பால் திரும்பப் பெறலாம் என்பது 2004ஆம் ஆண்டு உச்சநீதிமன்றத் தீர்ப்பாற் பெறப்படும். அப்பொழுது வீடு விலைப்படும். தங்கையின் படிப்பு நிற்கும். இஃது அவர்தம் முன்வினைப் பயன் எனல் நூல்வழிப் பிழையன்று. ஆயினும் துன்புறுவார் முன் அதனைக் கூறுதல் அருளன்று. பிழைத்தவன் கூறித் தப்ப நினைத்தல் அறமன்று. நுகர்வார்க்கு அது பிராரத்தமாயினும், செய்தானுக்கு ஆகாமியமாம். பிறர் பழவினைக்குக் கருவியாயினேன் என்பது கொண்டு புதுவினை நீங்காது.

திருவாரூர்த் தெருவில் மனுநீதிச் சோழன் மைந்தன் தேர்க்காலிற் பசுங்கன்று புக்கு மாண்டதனைச் சேக்கிழார் பெருமான் உரைத்தருளினார். அம்மைந்தன் அறிந்து செய்தானல்லன். எனினும் விதியின்மேற் பழியேற்றாது, தந்தை அறியுமுன் கழுவாய் தேட முற்பட்டான். அரசனோ மகனென்று வேறு நீதி வகுத்திலன். மைந்தன்மேல் தேரூர ஏவப்பட்ட அமைச்சன் தன்னுயிர் நீத்தான். அதன்பின் அரசன் தானே ஊர்ந்தான். கன்றொன்றின் இறப்பு இரண்டு உயிர்களை உடன்கொண்டது. ஒருவன் பிழை அவனளவில் நில்லாமைக்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆண்டு இறைவன் விடைமேற் றோன்றியருள, மூவரும் எழுந்தனர். இக்காலத்து வீதியில் மாண்டார் அங்ஙனம் எழுதல் காணப்படுவதில்லை. ஆதலின், மகன் கேட்கும்பொழுது திறவுகோலை மறுத்தலே தந்தைக்கு அன்பாவது. இல்லிற் காத்திருப்பாரை நினைந்து வேகத்தை அடக்கலே மகனுக்குத் தவமாவது.